பொது அலமாரி

முனீஸ்வரி ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம், நிர்வாகம் பார்க்கும் பிருந்தா மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"வேலையில ஒரு குறையும் இல்லை முனீஸ்வரி. ஆனா நீங்க உட்கார்றது ரிசப்ஷன். உள்ள வர்றவங்க முதல்ல பார்க்கிறது உங்க முகத்தைத்தான். இந்தச் சேலையில இந்த வாரமே ரெண்டு தடவை பார்த்துட்டேன். புருவம் எடுக்கிறதில்லையா? கொஞ்சம் பளிச்சுனு வாங்க."

"சரிங்க மேடம்."

சம்பளம் பதினான்காயிரம். எழுமலையில் பருத்தி போடும் அப்பா முத்திருளனுக்கு மாதம் நாலாயிரம் அனுப்புவாள். ஒத்தக்கடையில் பின்னால் யானைமலை தெரியும் புதுத் தெரு ஒன்றில் மாடியறை. வாடகையில் பாதி மூவாயிரம். சாப்பாடு, போன் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பிழைத்தாள்.

வாடகையில் மறுபாதி மதுவந்தியுடையது. சோழவந்தான்காரி. பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். சம்பளம் முனீஸ்வரியைவிட அதிகம்தான். ஆனால் அதில் பாதி தம்பி கிரீஷின் படிப்புக்குப் போய்விடும். வீடு பார்க்க வந்த இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டவர்கள். தனியாக ஒரு பெண்ணுக்குக் கொடுக்க யோசித்த வீட்டுக்காரர், "ரெண்டு பேரா இருந்தாச் சரி" என்றதால் சேர்ந்தவர்கள்.

அன்று சாயங்காலம் முனீஸ்வரி டோக்கன் தாளின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தாள். சேலை, பிளவுஸ் தையல், இஸ்திரி, புருவம், ஷாம்பூ, செருப்பு.

"மது, பளிச்சுனு வாரதுக்கு மாசம் ரெண்டாயிரத்து எழுநூறு ஆகுதுடி."

மதுவந்திக்குச் சிரிப்பு வந்தது. "என் கதையும் அதேதான். கடைசி பெஞ்சுல ஒருத்தி என் சேலைக்கெல்லாம் கிழமை பேர் வச்சிருக்கா. இன்னிக்கு மேடம் புதன்கிழமையைக் கட்டிண்டு வந்திருக்காங்கன்னு சொல்றா."

முனீஸ்வரி சிரிக்கவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஆறு இருக்கு. என்கிட்ட அஞ்சு. உன் காலேஜுல இருக்கிறவ எவளும் என் ஆஸ்பத்திரிக்கு வரப்போறதில்ல. சேத்து வச்சா பதினோரு சேலை."

அப்படித்தான் தொடங்கியது. மதுவந்தி ஒல்லி, முனீஸ்வரிக்குத் தோள் அகலம். அதனால் பிளவுஸ் மட்டும் தனித்தனி. அதையும் சேலைக்குச் சேலை தைக்காமல், இழுத்தால் நீளும் துணியில் கறுப்பு, அரக்கு, பச்சை, சந்தனம் என்று நாலு நிறம் ரெடிமேடாக வாங்கிக்கொண்டார்கள். எந்தச் சேலைக்கும் நாலில் ஒன்று ஒத்துப்போனது. மாதம் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு பொதுவில் போட வேண்டும். தெருமுனையில் பார்லர் வைத்திருக்கும் தமிழ்வாணியிடம் இருவரும் ஒன்றாகப் போனால் புருவத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் குறைத்தாள். முதல் மாத மிச்சத்தில் ஒரு இஸ்திரிப்பெட்டி வந்தது.

சண்டைகளும் வந்தன. நாப்கினைப் பொதுச் செலவில் எழுதுவதா கூடாதா என்பது முதல் சண்டை.

"அது வேற கணக்கு. அழகுச் செலவில்லையே" என்றாள் மதுவந்தி.

"அழகு இல்லதான். ஆனா அது இல்லாம அழகா எங்கிட்டுப் போறது?"

எழுதினார்கள். அடுத்தது, முனீஸ்வரி வாங்கி வந்த வெளுப்பாக்கும் கிரீம். இருநூற்று நாற்பது ரூபாய்.

"இது ஒண்ணும் பண்ணாதுடி. வீண் செலவு. இதைப் பொதுவில எழுதாதே."

"உனக்கு பளிச்சுனு இருக்க சோப்புப் போதும். என்னையத்தான் அப்படி வரச் சொல்றாங்க. உனக்கு அந்தச் செலவு பொறந்தன்னைக்கே முடிஞ்சு போச்சு."

மதுவந்தி பேனாவை எடுத்துத் தானே அதை எழுதினாள். வெகுநேரம் அவள் முனீஸ்வரியைப் பார்க்கவில்லை.

நாலு மாதம் நன்றாகவே ஓடியது. விளக்குத்தூண் பக்கத்து மொத்தக் கடையில் இரண்டு புதுச் சேலை எடுத்தார்கள். காலையில் யார் எதைக் கட்டுவது என்று பேசிக்கொள்வதே ஒரு விளையாட்டாகிவிட்டது. பின்கழுத்தில் ஊக்கு குத்திவிடுவதும், மடிப்பைக் குனிந்து பிடித்துவிடுவதும் பழகிப்போனது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதுவந்தியின் அம்மா ஜானு வந்தார். முனீஸ்வரி டியூட்டி முடிந்து அறைக்குள் நுழைந்தபோது, மகள் பிறந்தநாளுக்குத் தான் அனுப்பியிருந்த ராமர் பச்சைச் சேலையை அவள் கட்டியிருப்பதை ஜானு பார்த்தார். பார்வை ஒருகணம் அதிலேயே நின்றது.

"வாம்மா. நீதான் முனீஸ்வரியா? மது போன்ல எப்பவும் உன்னைப் பத்தித்தான் பேசுவா."

நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தட்டையும் மைசூர்பாகும் எடுத்துக் கொடுத்தார். முனீஸ்வரி உடை மாற்றி, சேலையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் பால் வாங்கக் கீழே போனாள். திரும்பி வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது.

"தப்பா சொல்லலைடி. நல்ல பொண்ணாத்தான் இருக்கா. ஆனா ஒருத்தர் உடுத்தினதை இன்னொருத்தர் உடுத்தறது நம்மாத்துல உண்டா? அதுவும் யாரு என்னன்னு ஒண்ணு இல்லையா? நீ பாட்டுக்கு அதைக் கட்டிண்டு சுவாமி விளக்கேத்தறே."

முனீஸ்வரி பால் பாக்கெட்டோடு வாசலில் நின்றாள். மது ஏதாவது சொல்லுவாள் என்று நின்றாள்.

"விடும்மா" என்றாள் மதுவந்தி.

அவ்வளவுதான். முனீஸ்வரி இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். அடுத்த சொல் வரவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உள்ளே போனபோது, ராமர் பச்சைச் சேலை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. மற்ற துணிகள் தனியாகக் கிடந்தன.

"பஸ்ல வந்தது, ஒரே வேர்வைம்மா, அதான்" என்றார் ஜானு. முகத்தில் கொஞ்சம் சங்கடம் இருந்தது.

"சரிங்கம்மா" என்றாள் முனீஸ்வரி. பாலைக் காய்ச்சி, காப்பி போட்டு மூன்று டம்ளரில் ஊற்றினாள். ஜானு தன் டம்ளரை எடுத்துக் குடித்தார். அது முனீஸ்வரிக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

மறுநாள் அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு மதுவந்தி வந்தபோது அலமாரி இரண்டாகப் பிரிந்திருந்தது. அங்கிட்டு ஆறு, இங்கிட்டு ஐந்து. பொதுவில் எடுத்ததில் ஆளுக்கு ஒன்று. மீதிக் காசு அறுநூற்று எண்பதில் பாதி தலையணை மேல் இருந்தது.

"முனீஸ், எங்கம்மா அந்தக் காலத்து ஆள்டி. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா."

"உங்கம்மாவை நான் ஒண்ணுஞ் சொல்லல. அவங்க பழக்கத்தை அவங்க சொன்னாங்க. நீ என்ன சொல்லுவேன்னுதான் நான் வாசல்ல நின்னேன்."

மதுவந்தி தலையணை மேலிருந்த காசை எடுத்துப் பர்ஸில் வைத்தாள்.

அதன்பின் ஒரே அறையில் இரண்டு குடித்தனம் மாதிரி இருந்தது. சோறு சேர்ந்தே பொங்கினார்கள். பேச்சு மட்டும் தேவைக்கு. பின்கழுத்து ஊக்கை முனீஸ்வரி கண்ணாடி பார்த்துத் தானே குத்திக்கொண்டாள். இரண்டு முறை விரலில் குத்தியது. ஆறு சேலையை வைத்துக்கொண்டு வாரத்தை ஓட்டினாள். மூன்றாவது வாரம் பிருந்தா மேடம் மறுபடி கூப்பிட்டார்.

"நடுவுல நல்லா வந்துக்கிட்டிருந்தீங்களே. திரும்ப என்ன ஆச்சு?"

இந்தத் தடவை முனீஸ்வரி 'சரிங்க மேடம்' சொல்லவில்லை. வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குள் ஏதோ செய்திருந்தது. யாராவது நமக்காகப் பேசுவார்கள் என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள், நாலு மாதக் கணக்கையும் சுத்தமாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள்.

"என்ன இது?"

"நீங்க சொன்ன மாதிரி வாரதுக்கு ஆகுற செலவு மேடம். ஒரு கூட்டாளியோட சேர்ந்து செஞ்சப்பவே ஆயிரத்து இருநூறு. தனியான்னா அதுல ரெண்டு பங்குக்கு மேல. சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு. இது நான் ஆசைப்பட்டுக் கேட்கிறதில்ல, ஆஸ்பத்திரி கேட்கிறது. அதான் உங்ககிட்டக் குடுக்கேன்."

பிருந்தா மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "நாப்கின்கூட எழுதியிருக்கீங்க?"

"ஒம்பது மணி நேரம் எந்திரிக்காம உட்கார்றோம் மேடம். ரிசப்ஷன்ல ஆறு பேரும்."

இன்னும் கொஞ்சம் கீழே வந்தவர் ஒரு வரியில் நின்றார். "இந்தக் கிரீம் யார் சொல்லி வாங்கினீங்க?"

"பளிச்சுனு வரச் சொன்னீங்க."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலை முனீஸ்வரி."

"எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு மேடம்."

பிருந்தா மேடத்தின் நிறமும் கிட்டத்தட்ட முனீஸ்வரியின் நிறம்தான். அவர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும். நீங்க போங்க."

அன்றிலிருந்து முனீஸ்வரி வேலை போய்விடும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் கழித்து, ரிசப்ஷனில் இருக்கும் ஆறு பேருக்கும் ஆளுக்கு மூன்று யூனிபார்ம் சேலை வந்தது, தையல் கூலியோடு. பார்லர் செலவுக்குத் தனியாகப் பணம் தர முதலாளி ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆனால் பெண்கள் ஓய்வறையில் ஒரு பெட்டி நிறைய நாப்கின் வைத்திருந்தார்கள். கூட வேலை பார்ப்பவர்களில் ஒருத்தி, "இனிமே எனக்குப் பிடிச்ச கலர் கட்ட முடியாதா?" என்று முகம் சுளித்தாள். மற்ற நாலு பேரும் முனீஸ்வரிக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கிரீமை அவள் அன்றோடு விட்டாள்.

யூனிபார்ம் வந்த விஷயத்தைக் கேட்ட மதுவந்திக்குச் சந்தோஷம்தான். ஆனால் இனி முனீஸ்வரிக்குத் தன் சேலை எதுவும் தேவையே இல்லை என்பதும் புரிந்தது. சேர்ந்து வாழ வைத்திருந்த ஒரு காரணம் அதோடு போயிற்று. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டாள்:

"முனீஸ், உன் காப்பிப்பொடிக் கலர் சேலையை நாளைக்குத் தர்றியா?"

"எதுக்கு? உன்கிட்டத்தான் ஏழு இருக்கே."

"சோழவந்தானுக்குப் போறேன். அதைக் கட்டிண்டு போகணும்."

முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். காலையில் சேலையை எடுத்துக் கொடுத்தாள். மடிப்பையும் குனிந்து பிடித்துவிட்டாள்.

மதுவந்தி திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"புதுசா இருக்கே, எங்க எடுத்தேன்னு கேட்டா. முனீஸ்வரியோடதுன்னேன். குளிச்சுட்டு வேற கட்டிண்டு வா, சாப்பிடலாம்னா. மாட்டேன்னேன். நான் சுவாமி அறைக்குப் போகலை, நீயும் போகச் சொல்லாதே, ஆனா இதைக் கட்டிண்டுதான் சாப்பிடுவேன்னேன். அப்பா எழுந்து தட்டை எடுத்து வச்சார். அம்மா பரிமாறினா. ஒரு வார்த்தை பேசலை."

"அம்புட்டுத்தானா?"

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தா. அன்னிக்கு நான் சொன்னது அந்தப் பொண்ணு காதுல விழுந்துதான்னு கேட்டா. விழுந்ததுன்னேன். பஸ் கிளம்பறவரைக்கும் நின்னுண்டிருந்தா."

மதுவந்தி தலை குனிந்துகொண்டே சொன்னாள்: "அன்னிக்கே பேசியிருக்கணும் நான்."

"ஆமா. பேசியிருக்கணும்" என்றாள் முனீஸ்வரி. பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் எழுந்து போய், மூடி வைத்திருந்த தோசை மாவை எடுத்து இரண்டு பேருக்கும் ஊற்ற ஆரம்பித்தாள். மதுவந்தி வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.

ஜனவரிச் சம்பளத்தில், வேலைக்கு வந்த பிறகு முதன்முறையாக, முனீஸ்வரி கையில் ஆயிரத்து முந்நூறு ரூபாய் எந்தச் செலவுக்கும் ஒதுக்காமல் மிஞ்சியது. அதை இரண்டு நாள் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, "டவுனுக்குப் போறேன். வாரியா?" என்றாள். மதுவந்தி உடனே கிளம்பினாள்.

டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் முனீஸ்வரி வெகுநேரம் சுற்றினாள். இதுவரை எடுத்த ஒவ்வொரு துணியையும் ரிசப்ஷனுக்கு ஆகுமா, ஊருக்கு ஆகுமா, யாராவது ஒன்று சொல்வார்களா என்று பார்த்தே எடுத்திருக்கிறாள். அப்படி எதற்காகவும் இல்லாமல் தனக்கென்று ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கடுகு மஞ்சளில் ஒரு குர்த்தியையும் நீல ஜீன்ஸையும் எடுத்தாள்.

கடைப்பெண் அக்கறையாகச் சொன்னாள்: "அக்கா, இந்த மஞ்சள் உங்க கலருக்கு டல்லடிக்கும். லைட் பிங்க்ல காட்டவா?"

மதுவந்தி ஏதோ சொல்ல முன்னால் வந்தாள். முனீஸ்வரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்மா."

உள்ளே போனவள் சீக்கிரம் வரவில்லை. எழுமலையில் ஜீன்ஸ் போட்ட பெண் யாரையும் அவளுக்குத் தெரியாது. கண்ணாடி முன் திரும்பி நின்று பார்த்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். குனிந்து நிமிர்ந்தாள். மஞ்சள் நிறம் அவள் கழுத்தின் கறுப்பில் தீக்கொழுந்து மாதிரி எரிந்தது.

வெளியே வந்து நின்றதும் மதுவந்தி, "எப்படி இருக்கு உனக்கு?" என்று கேட்டாள்.

முனீஸ்வரி இன்னொரு முறை குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள்.

"பிடிச்சிருக்குடி."

ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் பில்லைக் கட்டிவிட்டு, விலைச்சீட்டை வெட்டித் தரச் சொன்னாள். போட்டு வந்த சுடிதார் பைக்குள் போனது. வெளியே நல்ல வெயில். பெரியார் பஸ் ஸ்டாண்டை நோக்கிக் கூட்டத்தில் முன்னால் நடந்தவளை, பையைத் தூக்கிக்கொண்டு மதுவந்தி எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.