நெவிலின் கால் யார் கணக்கில்

நெவில் தினமும் சாயங்காலம் என் தலைக்கு மேல் நடந்துதான் காதலிக்கப் போவான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே வரிசையாக நிற்கும். பழைய மில் முதலாளி தன் ஆட்களுக்காகக் கட்டியவை. கீழே வீட்டுக்கு வீடு சுவர் வைத்த அந்தக் கஞ்சன், மேலே கூரைக்கடியில் பரணுக்குச் சுவர் வைக்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான். அதனால் ஒரு வீட்டுப் பரணில் ஏறினால், முட்டி தாங்குமென்றால், தெருக்கோடி வரை போய்விடலாம்.

நெவிலுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. அவன் வீடு எனக்கு வலப்பக்கம், லொரெய்ன் வீடு இடப்பக்கம். நடுவில் நான், குளோரியா, கணவனை அடக்கம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவள். எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை ஏன் காயுது என்பார்களே, அதுதான் என் கதை. அவர்கள் காதலிக்க, என் வீட்டு மச்சிலிருந்து என் தேநீரில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

லொரெய்ன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். சம்பளம் சொற்பம். அதனால் எங்கள் நகர கவுன்சில் அவளுக்கு வீட்டு வரியில் பெரும் பகுதியைக் கழித்துக் கொடுத்தது. நெவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், பென்ஷன் வருகிறது, சலுகை எதுவும் கிடையாது. ஒருநாள் கொல்லையில் பிடித்து அவனைக் கேட்டே விட்டேன்.

"ஏம்ப்பா, வாசல்னு ஒண்ண எதுக்கு வச்சிருக்காங்க?"

"அவளுக்காகத்தான் குளோரியா. நான் தினம் அவ வாசல்ல போய் நின்னா, அந்த எதிர்வீட்டு பக்லி பாத்துட்டு கவுன்சிலுக்குப் போன் போடுவா. வீட்டுக்குள்ள ஒரு ஆம்பள வருமானம் இருக்குன்னு லொரெய்னோட சலுகைய வெட்டிடுவாங்க."

"அதுக்காக பெருச்சாளி மாதிரி பரண்ல ஊர்ந்து போறதா?"

"தியாகம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான், முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

பக்லி ஜன்னல் திரைக்குப் பின்னாலேயே குடியிருப்பவள் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு நெவிலின் தியாகத்தில் நம்பிக்கை இல்லை. லொரெய்ன் வாய்விட்டு அவனிடம் கல்யாணம் கேட்டிருக்கிறாள், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதல் தடவை கடற்கரையில், காகிதப் பொட்டலத்தில் மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தபோது. இரண்டாம் தடவை கிறிஸ்துமஸ் அன்று. இரண்டு தடவையும் அவன் சொன்னது ஒன்றேதான்: "உன் சலுகை போயிடுமே." ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். கட்டிக்கொள்ள மாட்டாதவன் கவுன்சிலைக் காட்டினான்.

"எனக்கு மோதிரம்கூட வேணாம்டி" என்று லொரெய்ன் என் சமையலறையில் உட்கார்ந்து சொல்வாள். "அவன் ஒரு தடவ என் முன்வாசல் வழியா வரணும். நாலு பேரு பாக்க வரணும். அவ்வளவுதான்."

"சாப்பாட்ட நிறுத்து, தானா வருவான்."

"பாவம்டி, இளைச்சிடுவான்."

இவளை என்ன செய்வது? எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலையில்தான் கவுன்சிலிலிருந்து போன் வந்தது. லொரெய்னின் சலுகை பற்றிப் பேச வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவர் வீட்டுக்கு வருவார் என்றார்கள். அவளுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் மடியில் கனம் இருந்தது, எண்பது கிலோ. வியாழனன்று அவனுடைய கோப்பை, சவரக் கத்தி, நாற்காலியில் அவன் உட்கார்ந்து பதிந்த பள்ளம் வரைக்கும் மறைத்துவிட்டாள். ஆனால் சாப்பாடு போடாமல் அனுப்ப மனம் வரவில்லை. மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பண்டத்தை வெட்டி, மேலே குழம்பை ஊற்றி, "சீக்கிரம் தின்னுட்டுக் கிளம்பு" என்று தட்டை அவன் முன் வைத்தாள்.

கவுன்சிலிலிருந்து வந்த பெண் நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டாள். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் நெவில் மாடிக்கு ஓடி, ஏணியில் ஏறி, பரணுக்குள் மறைந்தான். தட்டை விட்டுவிட்டா போனான்? கையிலேயே எடுத்துக்கொண்டு போனான்.

நான் அப்போது என் மாடிப் பின்னறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக இரண்டு கையாலும் உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, மரச்சட்டத்தின் மேலேயே அடியெடுத்து வைத்துப் போகிறவன். இன்று ஒரு கையில் தட்டு. தலைக்கு மேல் ஒரு தடுமாற்றம் கேட்டது, பிறகு ஒரு கெட்ட வார்த்தை. அப்புறம் என் மச்சு பிளந்துகொண்டு ஒரு கால் இறங்கியது. கட்டம் போட்ட செருப்பு, வீட்டுக்குள் போடுகிற வகை, அதுவும் லொரெய்ன் வாங்கிக் கொடுத்தது. தொடை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதன் ஓரமாக வழிந்த குழம்பு நான் தேய்த்து வைத்திருந்த வெள்ளை ரவிக்கையில் சொட்டியது.

"குளோரியா" என்றது மச்சு மெதுவாக. "கத்தாத."

"கத்தல. ரவிக்கைக்கு விலை கணக்குப் போடுறேன்."

ஆனால் சத்தம் தெருவுக்கே கேட்டிருந்தது. லொரெய்ன் பதறிக்கொண்டு ஓடி வந்தாள், பின்னாலேயே அந்த கவுன்சில் பெண்ணும். சமீனா அக்தர் என்று பெயர். ஊர்ப்பெண்தான். மூன்று தெரு தள்ளி அவள் அப்பா காய்கறிக் கடை வைத்திருக்கிறார். மூன்று பெண்களும் நின்று காலைப் பார்த்தோம். கால் அசையாமல் இருந்தது, அசையாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தது போல.

"இவரு இந்த வீட்ல இருக்கிறவரா?" என்று சமீனா என்னைக் கேட்டாள்.

தனியாக இருப்பவள் என்று எனக்கும் வரியில் தள்ளுபடி உண்டு. ஆமாம் என்றால் என் தள்ளுபடி போகும். இல்லை என்றால் லொரெய்ன் மாட்டிக்கொள்வாள். அந்த ஒரு நிமிடத்தில் நெவிலின் கால் யார் கணக்கில் விழுகிறதோ அவள் வரி ஏறும்.

"என் வீட்ல பாதி ஆளுதான் இருக்காரு. அதுவும் அஞ்சு நிமிஷமா" என்றேன்.

சமீனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். லொரெய்ன் முகம் வெளுத்திருந்தது. பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முன்னால் வந்து, அந்தச் செருப்பைச் சரியாக மாட்டிவிட்டு, நிமிர்ந்து நின்றாள்.

"இவரு என்னோட ஆளுங்க. தினம் எங்க வீட்லதான் சாப்பிடுறாரு. சலுகைய எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க. ஒளிச்சு ஒளிச்சு எனக்கு அலுத்துப் போச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன. ஆனால் மேலேயிருந்து உடனே குரல் வந்தது.

"இல்லைங்க, இல்லைங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் பதினாறாம் நம்பர். தண்ணித் தொட்டி ஒழுகுதான்னு பாக்க வந்தேன்."

"கையில சாப்பாட்டுத் தட்டோடயா?" என்றேன்.

லொரெய்ன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. துடைப்பக் கட்டையை எடுத்து உள்ளங்காலில் ஒரு குத்து விட்டேன். மேலே தள்ளி உதவுவதற்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

சமீனா என் தேய்ப்பு மேசை ஓரமாகக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் எதையும் வெட்ட வரலைங்க" என்றாள் லொரெய்னிடம். "ஸ்கூல்ல உங்க வேலை நேரத்தக் குறைச்சுட்டாங்கன்னு தெரிஞ்சுது. நீங்க எங்ககிட்ட சொல்லல. உங்களுக்கு இன்னும் ஜாஸ்தி கழிவு வரணும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அப்ப இவரு?"

"தனி வீடு இருக்கு, அதுக்குத் தனியா வரி கட்டறாரு. சாயங்காலம் சாப்பிட வர்றதுக்கு நாங்க வரி போடறதில்ல. முன்வாசல் வழியா வந்தாலும் போடறதில்ல."

மேலே மரச்சட்டம் மெல்ல முனகியது.

"கல்யாணம் பண்ணிக்கிட்டா?" என்று கேட்டது நான்தான். இந்தக் கேள்வியை விட்டால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது.

சமீனா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "ஒரே வீட்டுக்கு வந்தா இவங்க சலுகை போகும், உண்மைதான். ஆனா அவரு அங்க கட்டற வரியும் மிச்சம். கூட்டிக் கழிச்சா, மாசத்துக்கு ஒரு மீன் வறுவல் பொட்டலம் முன்ன பின்ன இருக்கும். ரெண்டு வாடகை, ரெண்டு கேஸ் பில்லு, அதெல்லாம் நான் கணக்குல சேக்கவே இல்ல."

ஒரு பொட்டலம். அதற்காகத்தான் அந்த மனிதன் இத்தனை வருஷம் என் தலைக்கு மேல் தவழ்ந்திருக்கிறான்.

லொரெய்ன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் தப்பித்திருப்பான். மச்சைப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பட்டாணி பரிமாறுகிற குரலில் பேசினாள்.

"நெவில், கேட்டுதா?"

"கேட்டுது."

"காலு சரியானதும் செங்கல் வாங்கு. என் வீட்டுக்கும் குளோரியா வீட்டுக்கும் நடுவுல, பரண்ல சுவர் கட்டு. ஒரு எலி போற சந்துகூட இருக்கக் கூடாது. கடைசிக் கல்ல வைக்கும்போது சுவருக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு நீயே யோசிச்சுக்கோ."

அடுத்த வாரம் முழுவதும் மேலே பூசு கரண்டிச் சத்தம் கேட்டது. நடுநடுவே கீழே வந்து என் மச்சுப் பொத்தலையும் அடைத்துக்கொடுத்தான். லொரெய்ன் சமையலறையை விட்டு அசையவில்லை. அவன் கடைசிக் கல்லை அவள் பக்கம் நின்று வைத்துவிட்டு, அவள் வீட்டு ஏணி வழியாக இறங்கி வருவான் என்று அவள் நம்பியதும், நம்பவில்லை என்று என்னிடம் சொன்னதும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் சத்தம் நின்றது. நான் வாசலுக்கு வந்து நின்றேன். எதிர்வீட்டுத் திரையும் ஆடியது. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் பழகிய நடை கேட்டது. இடப்பக்கமிருந்து வலப்பக்கம். அவன் வீட்டுப் பக்கம். போய் அந்தத் துடைப்பக் கட்டையை எடுத்து வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பதினாறாம் நம்பர் கதவு திறந்தது.

நெவில் வெளியே வந்தான். சட்டையெல்லாம் சிமெண்ட், தலையில் தொப்பி, கையில் பெட்டி, கக்கத்தில் தலையணை. லேசாக நொண்டிக்கொண்டே என் வாசலைத் தாண்டினான். மழை தூறிக்கொண்டிருந்தது, அவன் அவசரப்படவில்லை. தெருவின் நடுவில் நின்று எதிர்வீட்டு ஜன்னலுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தான். பிறகு லொரெய்னின் முன்வாசலில் போய் மணியை அடித்தான்.

அவள் திறந்தாள். கண் சிவந்திருந்தது. அழுதாளா, வெங்காயமா, கேட்கவில்லை.

"என்ன வேணும்?"

"உள்ள வரலாமா?"

"எப்பவும் வர்ற வழிக்கு என்ன?"

"அத நானே அடைச்சுட்டேன்" என்றான்.

அவள் தலையணையை முதலில் வாங்கிக்கொண்டாள். தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் அவனைத் தூறலிலேயே நிற்க வைத்துவிட்டு, அப்புறம் உள்ளே விட்டாள்.