இரண்டு கார், ஒரே கால்

முதலாளி அருணகிரிக்கு இரண்டு கார்கள். அறுபத்து நான்கில் அவர் அப்பா வாங்கிய ஃபியட், எண்பத்தொன்பதில் இவர் வாங்கிய காண்டஸா. மகன் ஹேமநாத் அமெரிக்கா போகும்வரை காண்டஸாவை யாரையும் தொடவிட்டதில்லை. அவன் போனபின், ஒன்றை விற்றுவிடலாம், எதை வைத்துக்கொள்வது என்று என்னைக் கேட்டார். இருபத்தாறு வருஷம் ஃபியட்டையே ஓட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? அது போனால் என் கை போன மாதிரி.

"ஒரு நாள் அதையும் ஓட்டிப் பாரு வேணு. அப்பறம் சொல்லு."

மறுநாள் காலை காண்டஸாவில் தேவிகாபுரம் போய்த் திரும்பினோம். எங்கள் தெருவில் காலையில் பாவு விரித்திருப்பார்கள். சேலைக்கான பட்டு இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். பட்டில் புகை படக்கூடாது. அதனால் தெருமுனையிலேயே என்ஜினை அணைத்து, சரிவில் உருட்டிவந்து, முதலாளி வீட்டு வாசலில் நிறுத்துவேன். பிரேக்கை இரண்டு தட்டுத் தட்டி மூன்றாவதில் அழுத்தினால் ஃபியட் பசு மாதிரி நிற்கும்.

அன்றும் அணைத்தேன். இரண்டு தட்டுத் தட்டினேன். மூன்றாவதில் பிரேக் கல்லாகிவிட்டது. எழுந்து நின்று மிதித்தாலும் இறங்கவில்லை. வண்டி வாசலைத் தாண்டியது. எதிரே சிவப்புப் பாவு. அதன் முனையில், கையில் கஞ்சிப் பிரஷ்ஷோடு பக்கத்து வீட்டுச் சாவித்திரி. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கத்தினேனா என்றுகூடத் தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். இழைகள் பட்பட்டென்று அறுந்து பம்பரில் சுற்றிக்கொண்டன. அவள் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

என்ன செய்கிறோம் என்று தெரியாமல் சாவியைத் திருப்பினேன். என்ஜின் உறுமியதும் காலடியில் பிரேக் மெத்தென்று இறங்கியது. அப்போதுதான் உறைத்தது. இந்த வண்டியில் என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கு பலம். அணைத்தது நான். தட்டித் தட்டி மிச்சத்தையும் தீர்த்தது நான்.

பின்சீட்டில் முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "பிரேக் புடிக்கலியா வேணு? பேஜார் புடிச்ச வண்டி! இதையே தள்ளி வுட்டுடலாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஃபியட் எனக்கு மிஞ்சும்.

சாவித்திரி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. முகம் வெளுத்திருந்தது. "வண்டி வர்றத பாத்துகினுதான் இருந்தேன்," என்றாள். "நீதானே ஓட்டினு வர, நிறுத்திடுவேன்னு நவுரலண்ணா."

"பிரேக் நல்லாத்தாங்க இருக்குது," என்றேன் முதலாளியிடம். "நான்தாங்க..."

சாவித்திரி பம்பருக்கு முன்னால் உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். நான் என்ஜினை அணைக்கவில்லை. பிரேக்கிலிருந்து காலையும் எடுக்கவில்லை.