குத்னி தூங்குகிறாள்

"வாயை மூடும்மா. சாயம் பல்லுல ஒட்டுது."

"சாகப்போறவளுக்கு எதுக்குடி இவ்ளோ சிவப்பு? இந்த ஊர் வண்டிக்கடைல விக்கிற சிவப்பு சாசேஜ் மாதிரி இருக்கேன்."

கோபன்ஹேகன் விமான நிலையத்துக் கழிப்பறையில், சக்கர நாற்காலிக்கு முன்னால் டோர்த்தெ மண்டியிட்டிருந்தாள். உதட்டுச்சாயத்தை விரலில் எடுத்து அம்மாவின் கன்னத்தில் தேய்த்தாள். தோல் எலும்பின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. அழுத்திப் பிடித்துக்கொண்டு தேய்க்க வேண்டியிருந்தது.

நோயாளி என்று தெரிந்தால் வாசலிலேயே நிறுத்துவார்கள், டாக்டர் கடிதம் கேட்பார்கள். "இன்னும் சில நாள்தான், பாத்துக்கங்க" என்று சொன்ன டாக்டரிடம் போய் விமானத்தில் ஏறக் கடிதம் கேட்க முடியுமா?

அந்தச் சில நாளை அம்மா குத்னி லில்லெசானில் கழிக்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம், நார்வேயின் தெற்குக் கரை. பாறை மேல் அவள் பிறந்த வெள்ளை வீடு, அதில் அவளுடைய தம்பி தார்யெ. இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், தெருமுனை தாண்டவே படாதபாடு படுகிறவர். குத்னி டேனிஷ்காரனைக் கட்டி, பிள்ளை பெற்று, அவனைப் புதைத்தும் ஆயிற்று. வாழ்நாளில் பாதிக்கு மேல் டென்மார்க். இரண்டும் ஒன்றுக்கொன்று புரிகிற மொழிகள்தான். ஆனால் ஒருநாள்கூட வாயிலிருந்து டேனிஷ் வந்ததில்லை. நார்வேப் பேச்சுதான், ரொட்டிக் கடையிலும், கணவனின் சவப்பெட்டி முன்னாலும்.

"என்னை இந்தத் தட்டை ஊர்ல போட்டுடாதடி" என்று போன வாரம் சொன்னாள். "தார்யெ கையைப் புடிச்சுக்கிட்டு கண்ணை மூடணும். வேற ஒண்ணும் வேணாம்."

கைபேசி அதிர்ந்தது. அண்ணன் யெஸ்பர்.

"எங்கே இருக்கே? அந்தப் பராமரிப்பு இல்லத்துலேர்ந்து கூப்டாங்க. படுக்கை காலியாயிடுச்சாம். அம்மாவை இன்னிக்கே சேத்துடலாம்."

"வெளியில இருக்கோம்."

"வெளியிலயா? இந்தக் குளிர்லயா?" பின்னால் விமான அறிவிப்பு ஒலித்தது. அது யெஸ்பருக்கும் கேட்டது. "டோர்த்தெ. வேணாம். நான் சொல்றதைக் கேளு. வழியில ஏதாவது ஆச்சுன்னா உன்னால தாங்க முடியாது."

"யாரது, உன் அண்ணனா?" என்றாள் குத்னி. "அவன் அப்பன் மாதிரி. ரெண்டு பேருக்கும் மழை வருதான்னு ஜன்னல்ல பாத்துட்டுத்தான் வாசல் திறக்கத் தெரியும். வெச்சிடு."

டோர்த்தெ வைத்துவிட்டாள்.

விமானம் சின்னது, இரண்டு விசிறி சுழலும் வகை. படியேற உதவியாள் குத்னியைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போனான். "இறகு மாதிரி இருக்கீங்களே பாட்டி" என்றான். "அப்ப டிக்கெட்ல பாதிக் காசைத் திருப்பிக் குடு" என்றாள் அவள். ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் டோர்த்தெ உட்கார்ந்தாள். நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு டேனிஷ்காரர், பெரிய தொப்பை, மடியில் மீன்தூண்டில் பை. குத்னியின் நார்வேப் பேச்சைக் கேட்டதுமே அவர் முகத்தில் விஷமம் வந்துவிட்டது.

"நார்வேயா? அங்க போய் என்னம்மா பண்ணப்போறீங்க? மலையைத் தவிர என்ன இருக்கு?"

"நாங்க அதை மலைன்னுகூட சொல்றதில்ல. நீங்கதான் எருக்குவியல் கொஞ்சம் ஒசரமா இருந்தா 'வான மலை'ன்னு பேர் வெச்சு டிக்கெட் போடுவீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஏதோ பதில் சொன்னார், இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.

"உங்க பாஷையே வாயில உருளைக்கிழங்கு வெச்சுப் பேசற மாதிரிதான். முழுங்கிட்டுச் சொல்லுங்க" என்றாள் குத்னி. முன் வரிசையில்கூட யாரோ சிரித்தார்கள்.

டோர்த்தெவுக்கு நெஞ்சு லேசானது. இவளா சாகப்போகிறாள்? இந்த வாயை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் தாங்குவாள். யெஸ்பருக்கு என்ன தெரியும்?

ஊர் கீழே போய், கடல் வந்தது. சாம்பல் நிறம், அலை கூடத் தெரியவில்லை. பணிப்பெண் காபி கொண்டுவந்தாள். சட்டையில் மாரித் என்று பெயர். டோர்த்தெ கோப்பையைப் பிடித்துக்கொள்ள, குத்னி ஒரு வாய் உறிஞ்சினாள்.

"இது டேனிஷ்காரன் போட்ட காபி" என்றாள் முகத்தைச் சுளித்து. "கோட்டைக் கால் மேல இழுத்து விடுடி. சில்லுனு இருக்கு."

டோர்த்தெ கோட்டை இழுத்துவிட்டாள். அம்மா ஜன்னல் பக்கம் தலை சாய்த்தாள்.

பிறகு விமானி பேசினார். லில்லெசானுக்குப் பக்கத்தில் விமானம் இறங்க வேண்டிய கிறிஸ்தியான்சானில் மூடுபனி கவிந்திருக்கிறது, ஓடுபாதை தெரியவில்லை, கொஞ்ச நேரம் மேலேயே வட்டமடித்துப் பார்ப்போம், விலகாவிட்டால் கோபன்ஹேகனுக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

எல்லோரும் முனகினார்கள். டேனிஷ்காரர் இந்தப் பக்கம் குனிந்தார். குரலில் அதே விஷமம்.

"பாத்தீங்களாம்மா? ஊர் பூரா மலையைக் கொட்டி வெச்சா விமானம் எங்க எறங்கும்? இடம் வேணும்னா எங்ககிட்ட கேளுங்க. தட்டையா நிறைய இருக்கு."

டோர்த்தெ சிரித்துக்கொண்டே காத்திருந்தாள்.

டேனிஷ்காரரும் காத்திருந்தார், புருவத்தை உயர்த்திக்கொண்டு.

பதில் வரவில்லை.

டோர்த்தெ திரும்பவில்லை. முன்னிருக்கையின் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா இப்படி ஒரு பேச்சைத் தரையில் விழ விட்டதில்லை. மயக்க ஊசி போட்டுக் கிடந்தபோதுகூட, டேனிஷ் நர்ஸ் ஒருத்தி ஏதோ கிண்டலாகச் சொல்ல, கண்ணைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தவள்.

கோட்டுக்கு அடியில் கையை விட்டு அம்மாவின் கையைத் தேடினாள். சூடாகத்தான் இருந்தது. விரல்களைக் கோர்த்து அழுத்தினாள். திரும்ப அழுத்தவில்லை. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண் பாதி.

"தூங்கிட்டாங்களா?" என்றார் டேனிஷ்காரர்.

"ஆமா" என்றாள் டோர்த்தெ. "தூங்கறாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

கத்தலாம். கத்தினால் அம்மாவை இழுத்து நடைவழியில் கிடத்துவார்கள். சட்டையைப் பிரித்து நெஞ்சை அழுத்துவார்கள், அந்த நெஞ்சை. எலும்பு ஒவ்வொன்றாக முறியும் சத்தம் கேட்கும். விமானம் திரும்பும், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு. அங்கே யெஸ்பர் நிற்பான். அவன் ஒன்றும் சொல்லமாட்டான். அதுதான் கஷ்டம்.

அந்த இல்லத்துப் படுக்கையில் போட்டிருந்தால் இன்னும் நாலு நாள்... அவள் அதற்கு மேல் நினைக்கவில்லை. கோட்டை அம்மாவின் தாடை வரை இழுத்தாள். வாய் மறைந்தது. கட்டைவிரலால் இமைகளைக் கீழே தள்ளினாள், தூசி எடுக்கிற மாதிரி. ஒன்று இறங்கியது. இன்னொன்றைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

விமானம் வட்டமடித்தது. சாய்ந்தபோதெல்லாம் அம்மாவின் தலை அவள் தோளில் வந்து விழுந்தது. நிமிர்ந்தபோது ஜன்னலுக்குப் போனது.

மாரித் வரிசை வரிசையாக வந்தாள். "இருக்கையை நேரா வெச்சுக்கங்க. பாட்டியைக் கொஞ்சம் எழுப்புறீங்களா?"

"தூங்கட்டும். நானே பாத்துக்கறேன்."

"பெல்ட் தளர்ந்திருக்கு. நான் இறுக்கி விடறேன்."

டோர்த்தெ தடுக்கும் முன் அவள் குனிந்துவிட்டாள். பெல்ட்டை இழுத்தாள். அவளுடைய புறங்கை அம்மாவின் மணிக்கட்டில் பட்டது. அங்கேயே நின்றது. டோர்த்தெ அந்தக் கையையே பார்த்தாள். மாரித் விரல்களைத் திருப்பி, நாடியில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். நிமிரும்போது முகம் வெளுத்திருந்தது. சின்னப் பெண்தான்.

"எங்கே போறாங்க?" என்று கேட்டாள், மிக மெல்ல.

"வீட்டுக்கு. லில்லெசான். அவங்க தம்பி வந்து நிக்கறாரு."

மாரித் தலைக்கு மேலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு போர்வையை எடுத்தாள். குத்னியின் மேல் போர்த்தி, ஓரங்களைச் செருகினாள். பிறகு முன்பக்கம் நடந்துபோய், விமானியிடம் பேசும் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். இங்கிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது. பேசுகிறாளா, சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. தொலைபேசி திரும்ப அதன் இடத்துக்குப் போனது. மாரித் தன் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கொஞ்சம் கழித்து விமானியின் குரல். பனி சற்று விலகுகிறது, ஒரு முறை இறங்கிப் பார்க்கப்போகிறோம்.

வெள்ளை, வெள்ளை, ஒன்றுமே தெரியாத வெள்ளை. திடீரென்று ஈரப் பாறைகள், பைன் மரங்கள், சக்கரம் தரையில் மோதியது.

எல்லோரும் எழுந்தார்கள். டேனிஷ்காரர் கேட்காமலே குத்னியின் பையை மேலிருந்து எடுத்து, சத்தம் வராமல் இருக்கையில் வைத்தார். பின்னால் ஒரு குழந்தை கூச்சலிட்டது. அதன் அப்பா "ஷ்ஷ்! பாட்டி தூங்குறாங்க பாரு" என்றார். அந்த வரிசையைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் காலை மெதுவாக வைத்துப் போனார்கள்.

"எழுந்ததும் சொல்லுங்க" என்று டேனிஷ்காரர் கிசுகிசுத்தார். "பதில் பாக்கின்னு."

டோர்த்தெ தலையாட்டினாள்.

விமானம் காலியானது. மாரித் வந்து எதிர்ச் சாரியில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லித்தான் ஆகணும். ஆம்புலன்ஸ் வரும், போலீஸும் வரும்."

"தெரியும். ஒரு அஞ்சு நிமிஷம்."

"தம்பி எங்கே நிக்கறாரு?"

டோர்த்தெ ஜன்னலைக் காட்டினாள். நிலையக் கட்டடத்தின் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால், ஊன்றுகோலில் சாய்ந்து ஒரு கிழவர். சர்ச்சுக்குப் போகிற கோட்டைப் போட்டிருந்தார். கையில் சின்னக் காகிதக் கொடி. எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் முதல் ஜன்னலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு ஜன்னலுக்கும் நின்று நிதானமாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

போர்வைக்கு அடியில் அம்மாவின் கை ஆற ஆரம்பித்திருந்தது. டோர்த்தெ அதைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். ஊதினாள். மறுபடி தேய்த்தாள்.

கொடி இன்னும் முன்வரிசை ஜன்னல்களுக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தது.