ஆளுக்கு ஆறு சொல்

பல் செட் செய்யும் அந்தப் பட்டறையில் காலை பதினொரு மணிக்கு யாரும் பேசுவதில்லை. எல்லா மேசைகளிலும் ஸ்பிரிட் விளக்கு எரிகிற நேரம் அது. இளகிய மெழுகு ஆறுவதற்குள் பற்களை வரிசையாக நட்டுவிட வேண்டும். முன்பல் ஒன்று மயிரிழை சாய்ந்தாலும் போதும், அதை மாட்டிக்கொள்ளப் போகிற மனிதர் பேசும்போதெல்லாம் விசில் அடிப்பார். அதனால் பல்லக்கா அந்த நேரத்தில் மூச்சைக்கூடச் சிக்கனமாகத்தான் விடுவாள்.

பல்லக்கா என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். பதினேழு வருஷமாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ராப்பகலாக உழைத்துத் தான் செய்த பல், முதலாளி பெயர் அச்சடித்த டப்பாவில் போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. சொந்தமாக ஒரு பட்டறை போட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இரண்டு தெரு தள்ளி நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறையைப் பேசி முடித்திருந்தாள். மறுநாள் காலை முன்பணம் கொடுத்தால் சாவி கைக்கு வரும்.

அந்தப் பணம் அவளும் தம்பியும் ஆறு வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தது. தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அவன் யோசனைப்படிதான் சேமிப்பையெல்லாம் கிரிப்டோ நாணயமாக வாங்கி, அவன் செல்போனில் வாலட் என்கிற பணப்பைச் செயலியில் வைத்திருந்தார்கள். போன் தொலைந்தாலும் பணத்தை மீட்க, வாலட் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்திருந்தது. அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவருக்கே பணம்.

இதைக் கேட்டதும் பல்லக்கா அந்தச் சொற்களை ஒரு காகிதத்தில் எழுதி நடுவே ஒரு கோடு போட்டாள். "அப்போ ஆளுக்கு ஆறா பிரிச்சுக்கலாம்டா. எவனாவது உன்கிட்ட திருடினாலும் பாதிதானே கிடைக்கும்?" என்றாள்.

"பெரிய ராஜதந்திரி நீ!" என்று தம்பி கேலி செய்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டான். முதல் ஆறு அவனுக்கு, அடுத்த ஆறு அவளுக்கு. மறக்காமல் இருக்க அவள் தன் ஆறையும் கோத்து ஒரு வரி கட்டிக்கொண்டாள்: ரிப்பன் கட்டின கழுதை எலுமிச்சம்பழத்தைக் கடித்து, ஜன்னல் வழியாக நிலாவிடம் கிசுகிசுத்தது. பாத்திரம் தேய்க்கும்போதுகூட அதை முணுமுணுப்பாள். ஆறு வருஷத்தில் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் காலை, தம்பி பக்கத்து ஊரில் ஒரு வேலைக்காக ரயில் நிலையத்தில் காத்திருந்தான். நாணயத்தின் விலை நன்றாக ஏறியிருப்பதாக யாரோ சொன்னார்கள். மாலையில் அவன் திரும்பியதும் வீட்டில் உட்கார்ந்து இருவருமாக விற்பது என்றுதான் ஏற்பாடு. ஆனால் இப்போதே விற்றுவிட்டு அக்காவுக்கு இனிப்பான சேதி சொன்னால் எப்படி இருக்கும்! போனில் டேட்டா தீர்ந்திருந்தது. ரீசார்ஜ் செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் ஓசி என்றால் அவனுக்குத் தனி ருசி. 'இலவச நிலைய வைஃபை' என்று ஓர் இணைப்பு தெரிந்தது, பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. தொட்டான்.

உடனே ஒரு பக்கம் தானாகத் திறந்தது. இது பொது இணைப்பு, உங்கள் வாலட்டுக்கு ஆபத்து வரலாம், பாதுகாப்பை உறுதிசெய்ய உங்கள் வாலட்டைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டு சொற்களையும் நிரப்புங்கள் என்றது. ஆபத்து வரும் என்று எச்சரிக்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நினைத்தான் அவன். தன் ஆறையும் தட்டிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டான்.

பல்லக்காவின் இடது கையில் மேல்வரிசை அச்சு, வலது கையில் சூடான மெழுகுக் கத்தி. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா, உன் பாதியச் சொல்லு."

"எதுக்குடா? சாயங்காலம் வந்து பாத்துக்கலாம்ல?"

"பாதுகாப்புக்குத்தான் கேக்குது. மூணு நிமிஷம்தான் டைம் குடுத்திருக்கான். சீக்கிரம்க்கா!"

அவளுக்கு என்னவோ போலத்தான் இருந்தது. ஆனால் கேட்பது தம்பி, இங்கே மெழுகு ஆறிக்கொண்டிருந்தது. "ரிப்பன், டாங்கி, லெமன்..." என்று ஆறையும் ஒப்பித்தாள். பக்கத்து மேசைக்காரி, "என்ன பல்லக்கா, நர்சரிப் பாட்டா?" என்று சிரித்தாள். பல்லக்காவும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இருபது நிமிஷம் கழித்துத் தம்பி மறுபடி அழைத்தான். "வாலட்டுல ஒண்ணுமே இல்லக்கா," என்பதை மூன்று முறை சொன்னான். நிலைய அலுவலகத்தில் விசாரித்திருக்கிறான். "எங்க வைஃபை போன மாசமே ரிப்பேர் ஆயிடுச்சு தம்பி. நீங்க எதுல போனீங்க?" என்று கேட்டார்களாம். யாரோ ஒருவன் அதே காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து, நிலையத்தின் பெயரில் தானே ஓர் இணைப்பை விரித்து வைத்திருக்கிறான்.

போலீஸ் சைபர் பிரிவில் ஒரு பெண் அதிகாரி புகாரை எழுதிக்கொண்டார்.

"மிரட்டி வாங்கினாங்களா?"

"இல்லீங்க."

"போனைத் திருடினாங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படி?"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. "நாங்களேதான் குடுத்தோம்," என்றாள் பல்லக்கா.

அதிகாரி பேனாவை வைத்தார். "போன் பண்ணி நிறுத்தச் சொல்ல இது பேங்க் இல்லம்மா. போனா போனதுதான். நாங்க முயற்சி பண்றோம், ஆனா நம்பிக்கை குடுக்க முடியாது. பொது இடத்து வைஃபைல நியூஸ் படிங்க, பாட்டு கேளுங்க. வாலட்டத் தொறக்காதீங்க. அவசரம்னா சொந்த டேட்டாவுல தொறங்க. அந்தப் பன்னெண்டு வார்த்தைய எந்தப் பக்கம் கேட்டாலும் கேக்குறவன் திருடன்தான். நிஜமான கம்பெனி கேக்கவே கேக்காது."

அறை உரிமையாளருக்குப் பல்லக்காவே போன் செய்து, "வேற யாருக்காவது குடுத்துடுங்க," என்றாள். மறுநாள் வழக்கம்போல் பட்டறைக்குப் போனாள். விளக்கை ஏற்றும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மெழுகு ஆறினால் மறுபடி இளக்கிக்கொள்ளலாமே, ஒரு நிமிஷம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தம்பியைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. திட்டியிருந்தால் அவன் கொஞ்சம் தேறியிருப்பான்.

எட்டு மாதம் கழித்து மறுபடி சேர்க்க ஆரம்பித்தார்கள். புது வாலட்டை வீட்டில், வீட்டு இணைப்பில் திறந்தார்கள். பல்லக்கா பன்னிரண்டு சொற்களையும் காகிதத்தில் எழுதி, பழக்கத்தில் நடுவே ஒரு கோடு போடப் போனாள். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்க்கா. பன்னெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும். போன்ல யார் கேட்டாலும் சொல்லாத."

"நீ கேட்டா?"

"நானே கேட்டாலும் சொல்லாத. அன்னிக்குக் கேட்டதும் நான்தானே."