பூட்டியவரே திறக்க வேண்டும்

அப்பா டிவி பிளக்கிற்குப் பூட்டுப் போட்டபோது அம்மா சோபாவில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தார். சீரியல் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்பா பிளக்கை உருவி, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடி, அதன் வளையத்தில் சிவப்புப் பூட்டு ஒன்றை மாட்டினார். பூட்டில் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் அப்பாவின் பாஸ்போர்ட் படம், மனோகரன் என்ற பெயர், கீழே 'இயக்காதே' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்து. பாசிர் கூடாங்கில் அவர் வேலை பார்க்கும் இரசாயன ஆலையில், பழுது பார்க்கும் இயந்திரத்துக்கு இப்படித்தான் மாட்டுவார்களாம். ஓர் ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டியவர்தான் திறக்க வேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் அடுத்தவர் பூட்டைத் தொடக்கூடாது.

"எது வரைக்குங்க?" என்றார் அம்மா.

"இவ பரீட்சை முடியற வரைக்கும்."

"நானா பரீட்சை எழுதப் போறேன்?"

அப்பா பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அவருக்கு அது திருப்தியாக இருந்தது.

எல்லாம் என்னால் வந்த வினை. பள்ளி முடிக்கும் எஸ்பிஎம் பரீட்சையில் பேர் சொல்லும்படி எடுத்த இந்த லோஷினி, கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே குப்புற விழுந்தாள். பிசியோதெரபி டிப்ளோமா. நாலுக்குப் போடும் கிரேடு பாயிண்டர் இரண்டைக்கூடத் தொடவில்லை. இந்த செமஸ்டரிலும் அப்படியே வந்தால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவோம் என்று கூப்பிட்டு வைத்தே சொல்லிவிட்டார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இரண்டு நாள் அழுது முடித்திருப்பேன். அவர் ஆலை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், கல்லூரி மாணவர்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்று யூடியூப்பில் வருகிற அத்தனை வீடியோவையும் பார்க்க ஆரம்பித்தார். எங்கள் வீடிருக்கும் தம்போயிலிருந்து பாசிர் கூடாங் போகிற வழியில் ஜாம் இருந்தால் இன்னும் ஒன்று கூடுதலாகப் பார்ப்பார். பிறகு ஒரு சனிக்கிழமை ஸ்டோர் ரூமைக் காலி பண்ணினார்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னல் கிடையாது. அரிசி மூட்டையும் தீபாவளி விளக்குச் சரமும் இருந்த இடம். ஸ்டோர் ரூம் என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். அப்பா அதற்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, மேசையைச் சுவரைப் பார்க்கப் போட்டார். மேசைமேல் மஞ்சள் டேப்பால் கட்டம் ஒட்டினார். தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு கட்டம், பேனாவுக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று. பாட்டிலைக் கட்டத்துக்கு வெளியே வைத்தால் வந்து நகர்த்திவிட்டுப் போவார். அடுப்படியிலிருந்த டைமரும் உள்ளே வந்துவிட்டது. இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. ஆலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் நின்று பேசுவார்களே, அந்த டூல்பாக்ஸ் மீட்டிங்கும் தினமும் எங்கள் வீட்டில் நடந்தது. அம்மா கையில் கரண்டியோடு வந்து நிற்பார்.

"இன்னைக்கு வேலை என்ன?"

"கிட்னி பா."

"ஆபத்து என்ன?"

"தூக்கம்."

"வேற?"

வேற என்ன சொல்வது. நீங்கதான் என்று சொல்ல முடியுமா.

என் கைப்பேசியைப் பூட்டத்தான் பெரிய ஏற்பாடு. அப்பாவின் பழைய இரும்பு டூல்பாக்ஸ். அதன் கொக்கியில் பல துளைகள் உள்ள ஓர் இடுக்கி. மூன்று பேர் வேலை பார்த்தால் மூன்று பேரும் தங்கள் பூட்டை அதில் மாட்ட வேண்டும். மூன்றும் கழன்றால்தான் பெட்டி திறக்கும். அப்பாவுக்கு இன்னொரு சிவப்பு, அம்மாவுக்குப் பச்சை, எனக்கு நீலம். என் அட்டையில் கல்லூரிக்கு எடுத்த படத்தை ஒட்டி லேமினேட் பண்ணிக் கொண்டுவந்திருந்தார். அதை என் உள்ளங்கையில் வைத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"இது உன் பூட்டும்மா. சாவிய யார்கிட்டயும் குடுக்கக்கூடாது. நான் கெஞ்சினாக்கூடக் குடுக்காத."

இவ்வளவும் செய்த மனுஷனிடம், எனக்கு அந்த அறையில் ஒரு வரிகூட ஏறவில்லை என்று எப்படிச் சொல்வேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காதுக்குள் 'ங்' என்று ஒரு சத்தம். ஒரே வரியைப் பத்துத் தரம் படிப்பேன். பக்கம் திருப்பினால் முந்தின பக்கம் மறந்துபோயிருக்கும். பள்ளியில் படித்தபோது டியூஷனில் நான்தான் வாயாடி. பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கத்திக் கத்தித்தான் எஸ்பிஎம்மே படித்தேன். வாய் மூடினால் என் மூளையும் மூடிக்கொள்ளும். இங்கே வீடே வாய் மூடிக்கொண்டது. அம்மா விசில் சத்தம் கேட்கும் என்று குக்கரை எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டார். பருப்பைச் சட்டியில் மணிக்கணக்காக வேக வைத்தார். வீட்டுச் செருப்பின் சத்தம் கேட்காமல் வெறுங்காலோடு நடந்தார். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது கேட் பக்கம் வந்து கூப்பிட்டால், ஓடிப்போய்க் கையைக் காட்டி, பிள்ளை படிக்குது என்பார். நான் உள்ளே உட்கார்ந்து மஞ்சள் கட்டத்துக்குள் இருக்கும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

ஒருநாள் கேட்டும் பார்த்தேன். சிகாமட்டிலிருந்து வந்து கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் உமாதேவியும் இன்னும் இரண்டு பேரும் ராத்திரியும் திறந்திருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கிறார்கள், நானும் போகட்டுமா என்று.

"நாலு பேர் கூடினா படிப்பா நடக்கும். பேச்சுதான் நடக்கும்."

"பேசினாதான் பா எனக்கு ஏறும்."

"அதெல்லாம் பழக்கம் லா. பழகினா சரியாப் போயிரும்."

மேற்கொண்டு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. காரணம் ராஜசேகரன் அங்கிள். அப்பாவோடு வேலை பார்த்தவர். ஒருநாள் இயந்திரத்துக்குள் கை வைத்திருந்தபோது, பூட்டு மாட்டாத சுவிட்சை யாரோ தெரியாமல் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்றது அப்பா. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் அங்கிள் முறுக்கை இடது கையால்தான் எடுப்பார். அப்பா அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். அதிலிருந்து, ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பூட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. கொடுமைக்கார அப்பாவாக இருந்திருந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டு உமா அறைக்குப் போயிருப்பேன். இவரை என்ன செய்வது.

பரீட்சை நெருங்கும் நேரத்தில் ஆலையில் ஷட்டவுன் வந்தது. எல்லா இயந்திரங்களையும் நிறுத்திப் பழுது பார்க்கும் காலம். அப்பா விடியுமுன் போய் இருட்டின பிறகுதான் வருவார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஆனாலும் பூட்டுகள் மூன்றும் அங்கேயே இருந்தன. அவர் இல்லாதபோதும் நான் நேரம் தவறாமல் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

அப்படி ஓர் ஓய்வில் வெளியே வந்தேன். அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஏதாச்சும் பேசேன் லோஷி. வீட்டுல மனுஷக் குரல் கேட்டே எத்தன நாளாச்சு."

"எனக்கு என்னம்மா தெரியும். கிட்னிதான் தெரியும். அதுவும் தெரியல."

"அதையே சொல்லு."

சொன்னேன். இரத்தம் உள்ளே வருவதை, வடிகட்டுவதை, சர்க்கரை உப்பு தண்ணீர் எல்லாம் சேர்ந்து வெளியே போவதை, பிறகு வேண்டியதை மட்டும் உடம்பு திரும்ப எடுத்துக்கொள்வதை. அம்மா பிழிவதை நிறுத்திவிட்டார்.

"தூக்கிப் போட்டுட்டு ஏன் திரும்ப எடுக்குது? மொதல்லயே வச்சிக்க வேண்டியதுதானே?"

உள்ளே ஓடிப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல்முறையாக அந்தப் பக்கம் எனக்குத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே சமயத்தில் புரிந்தது. ஒவ்வொரு குப்பையாகத் தேடிப் பிடித்து வெளியேற்ற உடம்பால் முடியாது, அதனால் சின்னதாக உள்ள எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நல்லதைப் பொறுக்கிக்கொள்கிறது என்று வந்து சொன்னேன். அம்மா யோசித்தார்.

"ஸ்டோர் ரூம் காலி பண்ற மாதிரின்னு சொல்லு."

உள்ளே டைமர் அடித்தது. இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா குக்கரை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார். காய் வெட்டிக்கொண்டே, "நேத்து எங்க விட்ட?" என்று கேட்பார். சீரியல் விட்ட இடத்தைக் கேட்பது போலத்தான். நேற்று நுரையீரலில் நிறுத்தியிருந்தால் இன்று அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இடையில் ஒன்றைத் தவறவிட்டால் பிடித்துவிடுவார். "இரு இரு, இந்த நரம்பு முதுகுல இருந்துல்ல வந்துச்சு." எனக்கு ஒவ்வொரு நாளும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பாஸ் ஆகிவிடுவேன் என்று முதல்முறையாக நம்பினேன். அப்பா வரும் நேரத்துக்குக் குக்கர் மேலே போய்விடும், நான் உள்ளே போய்விடுவேன். சொந்த வீட்டில் திருடிகள் போல இருந்தோம்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஒருநாள், வெயில் தாழும் நேரத்தில் அப்பா வந்து நின்றார். குக்கர் விசிலில் கேட் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. நான் கரண்டியை முட்டிமேல் வைத்து, எந்தத் தசை எதை இழுக்கிறது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டும் இருந்தோம். அதுதான் அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். ஸ்டோர் ரூம் கதவு திறந்து கிடந்தது, நாற்காலி காலியாக இருந்தது, டைமர் அடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கா நான் இவ்வளவும் பண்ணேன்?"

"அவளுக்கு வாயால சொன்னாதாங்க ஏறுது. எல்லாம் சரியாச் சொல்றா."

"நீ சும்மா இரு வள்ளி. டிவி இல்லாம உனக்குப் பொழுது போகல. அதுக்கு இவ கிடைச்சா."

அம்மா கரண்டியை என் கையிலிருந்து வாங்கி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். புஷ்பவள்ளி என்று முழுப் பெயருள்ள என் அம்மா இத்தனை வாரமாக வெறுங்காலோடு நடந்தது அப்பாவுக்குத் தெரியவே இல்லை.

அப்பா ஹாலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் என் நாற்காலிக்குப் பின்னால் போட்டார். இரண்டு நாற்காலி போட்டதும் கதவு பாதிதான் திறந்தது.

"நாளையிலேர்ந்து லீவு சொல்லிட்டேன். கெஞ்சித்தான் வாங்கினேன். நானே கூட உட்கார்றேன். பயப்படாதம்மா, பாஸ் பண்ணிடலாம்."

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அந்த அறையில் எனக்கு முன்னால் சுவர், முதுகுக்குப் பின்னால் அப்பா, நடுவில் மஞ்சள் கட்டம். இன்னும் ஒரு வாரத்தில் படித்தது எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டூல்பாக்ஸிலிருந்து என் நீலப் பூட்டை மட்டும் கழற்றினேன். சிவப்பும் பச்சையும் இருந்த இடத்திலேயே இருந்தன. கைப்பேசி எனக்கு வேண்டாம். புத்தகங்களை வாரி வெளியே எடுத்தேன். ஸ்டோர் ரூம் கதவை இழுத்துச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டை மாட்டி அழுத்தினேன். அட்டை தொங்கியது. அதில் நான், சிரிக்காமல்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். பூட்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

"தொறம்மா."

"பூட்டினவங்கதான் தொறக்கணும் பா."

"சரி. நீ தொற."

"மாட்டேன் பா. அந்த ரூம் எனக்கு ஆபத்து."

சாவி கைக்குள் வழுக்கியது. அவ்வளவு பயம். அப்பா ஈரத் தலையோடு வெளியே போனார். காரின் பின்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அதில் பெரிய வெட்டுக் கருவி ஒன்று இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எந்தப் பூட்டும் அதற்குத் தாங்காது. இத்தனை வருஷ வேலையில் அடுத்தவர் பூட்டை ஒருமுறைகூட வெட்டியதில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வதும் தெரியும்.

அவர் அந்தக் கருவியோடு திரும்பி வந்து கதவு முன்னால் நின்றார்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டுப்பலகையை இழுத்துப்போட்டு, ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"லோஷி, மொதல்ல இருந்து சொல்லு. அந்தக் கிட்னி."

நான் அடுப்படி வாசலில் நின்றேன். அம்மாவுக்குக் கேட்டால் போதாது என்று தோன்றியதால் சத்தமாகவே ஆரம்பித்தேன்.

"ரத்தம் உள்ள வருதும்மா. நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்துதான் வருது."

"ம்."

"எல்லாத்தையும் வெளிய தள்ளுது. அப்புறம் வேண்டியத மட்டும் திரும்ப எடுத்துக்குது."

அப்பா வெட்டுக் கருவியின் பிடிகளை விரித்து வைத்திருந்தார். அதன் வாய் பூட்டுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. அவர் முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் படத்தின்மேல் விழுந்தது. அவர் ஒரு கையை விடுவித்து, கட்டைவிரலால் அதைத் துடைத்தார்.

"அப்புறம்?" என்றார் அம்மா.

நான் சொல்லிக்கொண்டே போனேன்.