பத்தொன்பதாம் பாலத்தில் காத்திருந்தவர்

ரொட்டிப் பையோடு டென்ஸில் பாலத்தின்மேல் ஏறி நின்றபோது மணி பதினொன்று. கால்வாய் வெட்டிய காலத்துச் செங்கல் பாலம். கூன் விழுந்த முதுகுபோல் வளைந்தது. வளைவின் நெற்றியில் இரும்புத் தகடு, அதில் 19. காலையில் படகிலிருந்து கடைக்கு இறக்கிவிட்டபோது, எந்தப் பாலத்தில் வந்து ஏற்றிக்கொள்வதென்று மனைவி ஜாய்ஸ் சொன்ன எண் அதுதான்.

படகு வந்ததும் ரொட்டியை மேலிருந்து கூரையில் போட்டுவிட்டு, கரையில் இறங்கி ஏறிக்கொள்வது அவர் வழக்கம். அவர்கள் படகுக்கு இருப்பது போலவே பச்சைக் கூரையொன்று வந்தது. மரக்கிளைகள் மறைத்ததால் பின்னால் சுக்கான் பிடித்திருந்தவர் தெரியவில்லை. பையைப் போட்டார்.

மறுபக்கம் வெளிப்பட்டது யாரோ ஓர் இளம்பெண்.

"யாருங்க அது, ரொட்டி எறியறது?"

"மன்னிச்சுக்கம்மா. என் பொண்டாட்டின்னு நெனச்சுட்டேன்."

"பொண்டாட்டி மேல எறியலாமா?" சிரித்தபடி படகைக் கரையோரம் ஒதுக்கிப் பையை நீட்டினாள். "பின்னாடி பாலத்துல இதே மாதிரி ஒரு படகு கட்டியிருக்கு. ஒரு அம்மா யாரையோ தேடிக்கிட்டு இருக்காங்க."

"அது பதினெட்டாச்சே?"

"தெரியல. தகடு பூரா கொடி மூடிக் கெடக்கு."

ஜாய்ஸ் பதினெட்டு என்றா சொன்னாள்? சொன்ன குரல் நினைவிருந்தது. எண் இப்போது மங்கியது. போன மாதம் தேநீர்க் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு உலாவப் போனதும் நினைவுக்கு வந்தது.

பையை வாங்கிக்கொண்டு கரையோரமாகவே முந்தின பாலத்துக்கு ஒரு மைல் நடந்தார். ஜாய்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"எங்கதான் போய்த் தொலைஞ்ச? ஒரு மணி நேரமா நிக்கிறேன்!"

"பத்தொன்பதுன்னு சொன்னியே."

"பதினெட்டுன்னேன்." ஜாய்ஸ் நிறுத்தினார். "அப்படித்தான் சொன்னேன்னு நெனக்கிறேன்."

"ஜாய்ஸ், வியாழக்கிழமை டாக்டரப் பாக்கப் போறேன். இந்த மறதிக்கு. உங்கிட்ட சொல்லல."

படகின் கயிற்றை அவிழ்க்கப் போன ஜாய்ஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மதகு திறக்குற கைப்பிடி நேத்து எங்க கெடந்துச்சு தெரியுமா? கேக் சுடற அடுப்புக்குள்ள. வெச்சது நான்தான். நானும் வரேன்."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

தவறு யாருடையது என்று மாலைவரை பேசியும் முடிவாகவில்லை. டென்ஸிலுக்குப் பயமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. எது எதனால் என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.