அடுப்பு யார் கட்டியது

நீதிமன்ற பெஞ்சின் ஒரு முனையில் தங்கை, மறுமுனையில் அண்ணன். நடுவில் மனஸ்தாபம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

சேர்ந்து நடத்திய பேக்கரியைப் பிரித்துக்கொள்ள இருவரும் ஒரு நடுவரை வைத்தார்கள். அடுப்பறை தங்கைக்கு, விற்பனைக் கடை அண்ணனுக்கு என்று அவர் தீர்த்துவைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுப்பைக் கட்டியது தங்கைதான், அதனால் அவளுக்கு என்று ஒரு காரணத்தையும் எழுதித் தொலைத்தார். கட்டியது அண்ணன் என்று அவள் விசாரணையிலேயே சொல்லியிருந்தாள். மனுஷன் எந்தக் காதில் வாங்கினாரோ!

தீர்ப்பு வந்த பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். ரொட்டி சுடுவதைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு தெரியாது. அந்த மௌனத்தில்தான் அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேல்முறையீடு செய்துவிட்டான்.

அவன் வழக்கறிஞர், நடுவரை வைத்தபோது போட்ட ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டினார். நடுவர் தப்பு செய்தால் நீதிமன்றம் திருத்தலாம் என்று அதில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணனும் தங்கையும் சேர்ந்து எழுதிய வரி.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்தா எனக்கு அதிகாரம் வந்துடாதுப்பா. அதை சட்டம்தான் கொடுக்கணும். நடுவர் லஞ்சம் வாங்கினாரா? யாரையாவது பேச விடலையா? நீங்க கேக்காத விஷயத்துல தீர்ப்பு சொன்னாரா?"

"இல்லைங்க. ஆனா அடுப்பைக் கட்டினது நான்," என்றான் அண்ணன்.

"இருக்கலாம். அவர் தப்பாவே எழுதியிருக்கலாம். அதுக்காக நான் மறுபடி விசாரிக்க முடியாது. தீர்ப்பு அப்படியே நிக்கும்."

தங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த அம்மாளின் கையைக் கட்டிப்போட்ட சட்டத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். எழுந்தபோதுதான் உறைத்தது: இனி உண்மையைச் சொன்னாலும் அடுப்பை யாரும் பிடுங்க முடியாது.

வாசற்படியில் விறுவிறுவென்று போனவனை ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"அண்ணா, நில்லு! அடுப்பைக் கட்டினது நீதான். வேலையில்லாம நான் முழிச்சிட்டு இருந்தப்ப எனக்காகக் கட்டின. இன்னிக்கு என் வீட்டுல உலை கொதிக்குதுன்னா அது உன்னாலதான். பயத்துல வாயை மூடிட்டேன். கேக்குறவங்க எல்லார்கிட்டயும் இனி சொல்லுவேன்."

வழக்கறிஞர்களும் கட்சிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே என்று அவள் இன்னும் உரக்கவே சொன்னாள்.

"இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன் கோர்ட்டுக்கு வர்றேன்?" என்று எரிந்து விழுந்தான் அண்ணன். பிறகு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"புகைபோக்கிக்குப் பின்னாடி ஒரு செங்கல்லைப் பூசாம விட்டிருக்கேன். அதை உருவினா கை உள்ள நுழையும். மாசாமாசம் அது வழியா கரியைச் சுரண்டிடு, இல்லேன்னா புகை உள்ளயே திரும்பும்."

"இத்தனை வருஷத்துல நான் அதைப் பார்த்ததே இல்லையேண்ணா. யாரு சுரண்டினா?"

"வேற யாரு? உனக்குத்தான் புகை ஒத்துக்காதே," என்றான்.